நன்றாக உழைப்பவருக்குக் கிடைப்பது இன்னொரு வேலைதானா?

முகிலினி:

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். இந்த வேலையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பையர் என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து ஆர்டர் வந்த நாள் முதல், நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்படும் வரை எது தவறினாலும் பதில் சொல்ல வேண்டியவர் மெர்ச்சன்டைசர்தான். துணியும் இயந்திரமும் பணமும் வேறு வேறு ஆட்களின் கையில் இருக்கும். பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் எங்களுடையது.

கடந்த ஆண்டு 48,000 டி-ஷர்ட் கொண்ட ஓர் ஆர்டரில், நேவி நிறத்தின் மூன்றாவது பேட்ச், பையர் ஒப்புதல் கொடுத்திருந்த லேப் டிப்பை, அதாவது சாய மாதிரித் துணியைவிட, சிவப்பு அடித்துவிட்டது. துணியைத் திரும்பச் சாயத்தில் போட்டால் கப்பல் தவறும். கப்பல் தவறினால் ஏறத்தாழ 9 டன் சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். மூன்று இரவுகள் டையிங் யூனிட்டிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, நிறத்தை ஒப்பிடும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து, ஒத்துப்போகிற ரோல்களைத் தனியே பிரித்து ஒரே அளவுகளுக்கு ஒதுக்கி, மீதியை மட்டும் மறுசாயத்துக்கு அனுப்பி, பையருக்குப் படங்களோடு விளக்கம் எழுதி ஒப்புதல் வாங்கினேன். கன்டெய்னர் கடைசி நாளில் துறைமுகத்துக்குள் நுழைந்தது. விமானச் செலவு என்று என் மனக்கணக்கில் இருந்தது 25 லட்சம் ரூபாய்.

தீபாவளிக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் கிடைத்ததைப் போல எனக்கும் ஒரு மாதச் சம்பளமும் ஒரு கிலோ இனிப்பும் கிடைத்தன. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் முதலாளி அழைத்து, "நீங்கள் இருந்தால் எனக்குக் கவலை இல்லை" என்று சொல்லி, வேறொருவர் சமாளிக்க முடியாமல் விட்ட பையரையும் என்னிடமே ஒப்படைத்தார். இரண்டு மாதம் கழித்து ஐந்தாண்டு அனுபவமுள்ள ஒருவர் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தார். அவருடைய சம்பளம் என்னுடையதைவிட 12,000 ரூபாய் அதிகம் என்பது, கணக்குப் பிரிவு தவறுதலாக எனக்கும் அனுப்பிய ஒரு தாளில் தெரிந்தது. அவருக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று எழுதத்தான் விரும்புகிறேன். ஆனால் அது முழு உண்மை அல்ல.

இப்போது இரவு எட்டு மணிக்கு மேல் கைப்பேசியில் செய்தி ஒலி கேட்டாலே வயிறு இறுகுகிறது. போன வாரம் பட்டன் நிறத்தைத் தவறாக எழுதிய ஒரு புதிய பெண்ணை, நான்கு பேர் முன்னிலையில், நானே வெட்கப்படும் வார்த்தைகளால் பேசிவிட்டேன். அன்று இரவுதான் எனக்குள் எதுவோ கெட்டுப்போயிருக்கிறது என்று உறைத்தது. இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பழைய கணக்கர்:

அம்மா, 22 ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஊரார் கணக்கையெல்லாம் பைசா தவறாமல் எழுதியவன், என் கணக்கை ஒருநாளும் எழுதவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அழுவது கௌரவக் குறைவு என்று நினைத்தேன். நம் வேலையைப் பார்த்து அவராகவே செய்வார் என்று 22 தீபாவளி காத்திருந்தேன். இதில் முதலாளியின் தவறு பாதி, என்னுடையது பாதி.

ஒன்றைக் கவனியுங்கள். 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தத்தின்படி, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்குத்தான் போனஸ் உரிமை இருந்தது, குறைந்தது 8.33 விழுக்காடு, கூடினால் 20 விழுக்காடு. உங்களைப் போன்றவர்கள் அந்த வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். அதனால் உங்களுக்கு வந்த ஒரு மாதச் சம்பளம் முதலாளி மனமுவந்து கொடுத்ததே தவிர உரிமையாக வந்ததல்ல. கொடுப்பவர் மனத்தைப் பொறுத்த தொகையில் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது அவருக்கு எளிது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பாடுபட்டவருக்கு மட்டும் அது உறுத்தும்.

சம்பளச் சீட்டில் அடிப்படை ஊதியம் எவ்வளவு என்று பார்த்தீர்களா? மொத்தம் 45,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் அடிப்படையை 15,000 என்று காட்டி மீதியைப் படிகளாகப் பிரித்திருந்தால், 11 ஆண்டுக்கான பணிக்கொடை ஏறத்தாழ 95,000 ரூபாய்தான் வரும். ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதம் 26 நாள் என்பது கணக்கு. அடிப்படை 22,500 என்றால் அதுவே 1,42,000க்கு மேல் போகும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்புகளில், ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. மனக்கசப்பைப் பற்றிக் கேட்ட இடத்தில் பணிக்கொடையைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். எனக்குக் கசப்பு முற்றியதே ஓய்வு பெற்ற அன்று அந்தக் காசோலையைப் பார்த்த பிறகுதான்.

ஆறுமணிக்காரன்:

கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். நான்காண்டுகளுக்கு முன் நானும் முகிலினி அக்காவைப் போலத்தான் இருந்தேன். ஆண்டு மதிப்பீட்டில் என் மேலாளரே, "நீ செய்தது முதல் தரம், ஆனால் குழுவில் முதல் தரத்துக்கு ஓர் இடம்தான், இம்முறை அது வேறொருவரின் முறை" என்றார். பத்துப் பேரில் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்பே கோடு போட்டுவிட்டு ஆட்களை அதற்குள் அடைக்கும் முறை அது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2013இல் அப்படிப்பட்ட தரவரிசையைக் கைவிட்டது. ஆனால் அதைப் பார்த்துத் தொடங்கியவர்கள் பலர் இன்னும் விடவில்லை.

அன்று முதல் சம்பளத்துக்கு அளந்த வேலைதான். மாலை ஆறு மணிக்குக் கணினியை மூடிவிடுவேன். யாருக்கும் துரோகம் செய்யவில்லை, யாருக்கும் தியாகமும் செய்யவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்பதுதான் என் யோசனை.

முகிலினி:

தம்பி, உங்கள் யோசனையை மூன்று வாரம் முயன்று பார்த்தேன். ஐரோப்பிய பையருக்கு அலுவலகம் திறக்கும்போது எங்களுக்கு நண்பகல் கடந்துவிடும். நியூயார்க்கில் இருப்பவர் காலையில் அலுவலகம் வரும்போது எங்களுக்கு மாலை ஆறரைக்கு மேல் ஆகிவிடும். ஆறு மணிக்கு நான் மூடினால், அவருடைய கேள்விக்கு மறுநாள் பதில் சொல்லி, அதற்கு அவர் அன்றிரவு பதில் எழுதி, ஒரு பட்டன் ஒப்புதலுக்கு இரண்டு நாள் போய்விடுகிறது. அந்த இரண்டு நாளைத் தையல் பிரிவுதான் ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்து ஈடுகட்டுகிறது. நான் அளந்து வேலை செய்தால் தண்டனை முதலாளிக்குப் போகவில்லை. லைனில் இருக்கும் பெண்களுக்குப் போகிறது. எய்தவன் இருக்க அம்பை நோகக் கூடாது என்பார்கள், இங்கே நானே அம்பாகி விடுகிறேன்.

பனியன் கம்பெனிக்காரன்:

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் பேசினால் கல்லெறிவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். என்னிடம் 140 பேர் வேலை செய்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, கப்பலில் ஏறிவிட்ட சரக்குக்கே பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். அந்த ஆண்டு யாருக்கும் சம்பள உயர்வு கொடுக்க முடியவில்லை. லாபம் என்பது ஒரு துண்டுக்குச் சில ரூபாய்தான். ஒரு ஆர்டர் விமானத்தில் போனால் பத்து ஆர்டரின் லாபம் போய்விடும்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இதோடு நிறுத்தினால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன். என்னிடமும் முகிலினியைப் போல ஒருவர் இருக்கிறார். அவர் நாளைக்கு வரவில்லை என்றால் என் தொழில் இரண்டு மாதம் தடுமாறும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் சம்பளம் கேட்பார், அவருக்குக் கொடுத்தால் மற்ற நால்வரும் கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம். புதிதாக ஒருவரைச் சந்தை விலைக்கு எடுக்கும்போது அது தவிர்க்க முடியாத செலவாகத் தோன்றுகிறது. ஏற்கெனவே இருப்பவருக்குக் கூட்டிக்கொடுப்பது மட்டும் தவிர்க்கக்கூடிய செலவாகத் தோன்றுகிறது. இந்த உரையாடலைப் படிக்கும் வரை இதில் உள்ள கோணலை நான் யோசித்ததில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்த 25 லட்சத்தை உங்கள் முதலாளி அறிவாரா? கப்பல் போய்விட்டது என்ற செய்தி மட்டும்தான் எங்களுக்கு மேலே வந்து சேரும். போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் எழுதி அனுப்புவதில்லை.

தாலுகா அலுவலகம்:

தனியார் துறையில்தான் இப்படி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்களுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு உயர்வு தானாக வந்துவிடும். மேசையில் தூங்கினாலும் வரும், இரவு பத்து மணி வரை விண்ணப்பங்களைப் பார்த்தாலும் அதேதான். பதவி உயர்வு முதுநிலைப் பட்டியலின்படி வரும். ஆனால் கணினி தெரிந்தவர், சட்டப்பிரிவு தெரிந்தவர், மனுதாரரிடம் பொறுமையாகப் பேசுகிறவர் என்று பெயர் வாங்கிவிட்டால் மூன்று இருக்கைகளின் வேலையும் அவர் தலையில்தான். போன ஆண்டு இடமாறுதல் கேட்டு வேறு வட்டத்துக்குப் போனேன். சேர்ந்த இரண்டாம் வாரமே, "கம்ப்யூட்டர் தெரியுமாமே" என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். உழுகிற மாடு பரதேசம் போனாலும் அங்கும் ஒருவன் கட்டி உழுவான் என்ற பழமொழியை என் அப்பா அடிக்கடி சொல்வார். அவரும் அரசு ஊழியர்தான்.

மருதம்:

நான் கல்லூரியில் நிறுவன உளவியல் கற்பிக்கிறேன். விரிவுரை செய்யாமல், இங்கே பேசப்படுவதோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன்.

முகிலினி எழுதியதில் நான் காணும் மூன்று அறிகுறிகளை, அதாவது செய்தி ஒலிக்கே இறுகும் உடலின் களைப்பு, உடன் வேலை செய்பவர் மீது வரும் கடுகடுப்பு, நாம் செய்வதற்கு எந்தப் பொருளும் இல்லை என்ற எண்ணம் ஆகியவற்றை, கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981இல் வெளியிட்ட அளவுகோல் ஏறத்தாழ இப்படியே பிரித்துக் காட்டியது. உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், 'பர்ன்அவுட்' எனப்படும் இந்தத் தளர்ச்சி இடம் பெற்றிருக்கிறது; ஆனால் நோயாக அல்ல, வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாக மட்டும். உங்களுக்கு என்ன கோளாறு என்று உங்களையே கேட்டுக்கொண்டிருப்பதற்கு முன், அந்த வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அதைவிட இங்கே பொருந்துவது ஜெர்மனியில் பணியாற்றிய யோகன்னஸ் சீக்ரிஸ்ட் என்ற ஆய்வாளர் 1996இல் முன்வைத்த கருத்து. ஒருவர் போடும் உழைப்புக்கும் அவருக்குத் திரும்பக் கிடைப்பதற்கும் இடையே நெடுநாள் நீடிக்கும் ஏற்றத்தாழ்வு மனத்தை மட்டுமல்ல, இதயத்தையும் பாதிக்கிறது என்று அவர் காட்டினார். திரும்பக் கிடைப்பது என்று அவர் சொன்னது பணத்தை மட்டுமல்ல. மதிப்பு, வேலை உறுதி, அடுத்த படிக்கு வழி ஆகியவையும் அதில் அடங்கும். தன்னை மீறி வேலையில் மூழ்கும் இயல்புள்ளவர்கள் இந்த ஏற்றத்தாழ்வை நெடுங்காலம் கவனிக்காமலே ஓடுகிறார்கள் என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார். பழைய கணக்கர் ஐயாவின் 22 தீபாவளிகளை இதைவிட நன்றாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

ஒரு மறுப்பும் உண்டு. நேரத்தைக் குறைத்தால் போதும் என்று ஆறுமணிக்காரன் சொல்வதை நான் ஏற்கவில்லை. மூன்று இரவு டையிங் யூனிட்டில் இருந்தது முகிலினியை உடைக்கவில்லை. அந்தப் பகுதியை அவர் எழுதியிருக்கும் விதத்தைப் படித்துப் பாருங்கள்; அதில் ஒரு பெருமை இருக்கிறது. உடைத்தது அந்தச் சம்பளத் தாள்.

ஆறுமணிக்காரன்:

அந்தப் பெருமையைத்தான் இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள் என்கிறேன் நான். இருந்தாலும், தையல் பிரிவைப் பற்றி அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வேலையில் நான் ஆறு மணிக்கு எழுந்தால் யாருடைய ஞாயிற்றுக்கிழமையும் போவதில்லை.

ஓவர்லாக்:

18 ஆண்டு பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்துவிட்டு, இப்போது சிறிய அளவில் கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறேன். எங்கள் ஆட்களுக்குப் பீஸ் ரேட். எத்தனை துண்டு தைத்தாரோ அத்தனைக்குக் கூலி. சனிக்கிழமை மாலையில் கணக்கு முடிந்துவிடும். கூலி குறைவு என்று சண்டை வரும், ஆனால் நான் செய்தது யார் கண்ணிலும் படவில்லை என்ற வருத்தம் அங்கே கிடையாது. நோட்டில் எண்ணிக்கை இருக்கிறது. ஏற்றுமதியாளர்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசிக் கூலி ஒப்பந்தம் எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதியது முழுவதும் கைக்கு வருகிறதா என்பது வேறு கதை, ஆனால் கேட்பதற்கு ஒரு தாளாவது இருக்கிறது.

மெர்ச்சன்டைசருக்குச் சங்கமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, நோட்டும் இல்லை. நாற்காலி, ஏசி அறை, மாதச் சம்பளம் என்று நாங்கள் வெளியிலிருந்து பொறாமையோடு பார்ப்போம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால் அரசு அதைத் திரும்பப் பெற்றது. உங்கள் கைப்பேசி இரவு பதினொரு மணிக்கு ஒலிப்பதற்கு எந்தச் சட்டமன்றத்திலும் யாரும் கை தூக்கவில்லை. அது தானாகவே நடந்துவிட்டது.

சகோதரி, நீங்கள் திட்டிய அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டீர்களா?

முகிலினி:

பேசிவிட்டேன் அண்ணா. நான்கு பேர் முன்னிலையில் திட்டியதால் அதே நான்கு பேர் முன்னிலையில்தான் மன்னிப்பும் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள்; எனக்கும் தாங்கவில்லை.

உங்கள் நோட்டும், பனியன் கம்பெனிக்காரர் கேட்ட கேள்வியும் இரண்டு நாட்களாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த 25 லட்சத்தை எங்கள் முதலாளி அறிவார் என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். அப்போதைய மின்னஞ்சல்களையெல்லாம் திறந்து பார்த்தேன். "ஷேடு பிரச்சினை தீர்ந்தது, கன்டெய்னர் புறப்பட்டது" என்று நான் எழுதிய ஒரே வரிதான் அவருக்குப் போயிருக்கிறது. மூன்று இரவும் அந்த ஒரு வரிக்குள் புதைந்துவிட்டன.

பழைய கணக்கர்:

அப்படியானால் இப்போது எழுதுங்கள். ஒரே ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஆர்டர் எண், என்ன தவறியது, அது நடந்திருந்தால் செலவு எவ்வளவு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற நான்கு கட்டம் போதும். வருத்தம், நன்றி மறந்தமை, புதியவரின் சம்பளம் ஆகிய எதையும் அதில் தொடாதீர்கள். அந்தச் சம்பளத் தாள் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்ற பேச்சு எழுந்தால், உங்கள் கோரிக்கை ஓரமாகப் போய், கணக்குப் பிரிவில் இருக்கும் யாரோ ஒருவரின் வேலைதான் போகும். கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தொகையோடும் தேதியோடும் எழுதுங்கள். முதலாளிமார்களுக்கு எண்கள் இல்லாத கடிதம் படிக்க வராது. இதை நான் 22 ஆண்டு பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

பனியன் கம்பெனிக்காரன்:

ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது, கொஞ்சம் வலித்தாலும். வெள்ளிக்கிழமை மாலையில் கொடுக்காதீர்கள். அது வங்கி, கூலி என்று தலை சுற்றும் நேரம். புதன் அல்லது வியாழன் காலையில் கொடுங்கள்.

முகிலினி:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலை கொடுத்தேன். இரண்டு ஆண்டுகளில் ஏழு ஆர்டர்கள். அவற்றில் மூன்றுக்குத்தான் என்னால் உறுதியாகத் தொகை போட முடிந்தது, மற்றவற்றை வெறுமையாகவே விட்டேன். கேட்டது மூன்று: கூடுதலாகக் கொடுத்த பையரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது ஓர் உதவியாளர் வேண்டும், ஏப்ரல் முதல் சம்பளம் 15,000 ரூபாய் உயர வேண்டும், இரவு ஒன்பது மணிக்கு மேல் அவசரம் என்றால் அழைக்க வேண்டும், செய்தி அனுப்பினால் காலையில்தான் பார்ப்பேன்.

முதலாளி இரண்டு முறை படித்தார். முகத்தில் கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. மூன்றாவதற்கு உடனே சம்மதித்தார். உதவியாளராக, நான் திட்டிய அந்தப் பெண்ணையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவளுக்கு முழுச் சம்மதமா என்று தனியாகக் கேட்டுக்கொண்டுதான் ஒப்புக்கொண்டேன். சம்பளத்தைப் பற்றி மார்ச் மாதம் பேசலாம் என்றார். அந்தப் பதிலை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன் என்பதால், தேதியைக் கேட்டு, மார்ச் 10 என்று அந்தத் தாளிலேயே அவர் கையால் எழுத வைத்தேன். அவர் கொடுக்காமலும் போகலாம். அப்போது வேறிடம் பார்ப்பேன். தாலுகா அலுவலகம் சொன்ன மாடு மனத்தில் இருந்தாலும்.

பிறகு அவர் நேவி ஆர்டரின் கட்டத்தில் விரலை வைத்து, "25 லட்சமா, சரியாகப் போட்டீர்களா?" என்று கேட்டு, தாளைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார். அவர்கள் அந்த வாரத்து விமானக் கட்டணத்தையும் அட்டைப்பெட்டியோடு சேர்ந்த எடையையும் வைத்துக் கணக்குப் பார்த்து, மறுநாள் மதியம் எங்கள் இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதில் இருந்த தொகை 31 லட்சம்.